இலக்கத் தகடும் கல்லடிப் பாலமும்

வாகனத்தின் இலக்கத் தகடு அதன் சொந்தக்காரர் பார்ப்பதற்காக எழுதப்படுவதல்ல. அவருக்குத் தன் வண்டியைத் தெரியும். தெருவில் நிற்கும் மற்றவர் படிக்கவேண்டும் என்றுதான் அது முன்னும் பின்னும் பூட்டப்படுகிறது. அந்த மற்றவர் யார் என்பது காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் கல்லடியில் இந்த மாற்றத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கல்முனைப் பக்கமிருந்து கரையோரமாக நகருக்கு வரும் வாகனம் கல்லடிப் பாலத்தில் ஏறித்தான் ஆகவேண்டும் என்பதால், வந்துபோகும் இலக்கங்கள் அத்தனையும் அங்கே ஒரு வாசலில் கண்ணில் படுகின்றன.

வாகனங்களுக்குத் தகடு மாட்டும் வழக்கம் பிரான்சில் தொடங்கியது. 1893 ஓகஸ்ட் 14 ஆம் திகதி பாரிஸ் பொலிஸ் இதற்கான உத்தரவைப் பிறப்பித்தது. பிரித்தானியாவில் 1903 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பதிவிலக்கத்தைக் கட்டாயமாக்க, 1904 ஜனவரி முதலாம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் முதல் மோட்டார் கார் இறங்கியது 1902 இல் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. கார்களின் தொகை கூடக்கூட, இங்கே ஆண்ட பிரித்தானியர் தங்கள் நாட்டு முறையையே இங்கும் கொண்டுவந்தார்கள்.

அந்நாளில் மட்டக்களப்பில் சக்கரத்தைவிடத் துடுப்புக்கே வேலை அதிகம். வாவியின் கிழக்கே, சூரியன் எழும் பக்கமான எழுவான்கரையிலிருந்து மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போவோர் தோணியிலோ பாதையிலோ ஏறினார்கள். இங்கு பாதை என்றால் வாவியைக் கடக்க ஆளையும் வண்டியையும் ஏற்றிச்செல்லும் மிதவை. இன்றும் சில துறைகளில் அது ஓடுகிறது. கல்லடிக்கும் நகருக்கும் இடையே 1924 இல் இரும்புப் பாலம் திறக்கப்பட்டது. தேசாதிபதி சேர் வில்லியம் மானிங்கின் மனைவியின் பெயரால் லேடி மானிங் பாலம் என்று அழைக்கப்பட்டாலும், ஊரார் வாயில் அது கல்லடிப் பாலமாகவே நின்றது. அகலம் ஒரு வாகனத்துக்கே போதும். ஒரு கரையிலிருந்து வண்டிகள் வந்து முடியும்வரை மறுகரை வண்டிகள் வரிசையில் காத்திருக்கவேண்டும். முன்னால் நிற்பவனின் பின் தகட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பழக்கம் கல்லடிக்கு அப்போதே வந்துவிட்டது.

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் சில காலம் ஓடிய வாகனங்களில் சி.ஈ., சி.எல்., சி.என்., ஈ.வை., ஈ.என். என்ற ஆங்கில எழுத்துச் சோடிகள் இருந்தன. சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப்போட்டு எடுத்த சோடிகள் அவை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் பதிவு, தகடு, ஆண்டுதோறும் பெறும் வருமான அனுமதிப்பத்திரம் எல்லாவற்றையும் ஒரே கட்டுக்குள் கொண்டுவந்தது. பல திருத்தங்களோடு இன்றும் அதுவே அடிப்படைச் சட்டம். நாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் சுமந்த அந்தத் தகடுகளைப் பற்றி எவரும் சண்டையிட்டதாக வரலாறு இல்லை. சண்டை அடுத்த எழுத்தோடு வந்தது.

1956 இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசு சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிச் சட்டம் இயற்றியது. அதன் கையோடு, 1957 ஜனவரியிலிருந்து புதிதாகப் பதியப்படும் வாகனங்களில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது: முதலில் ஓர் இலக்கம், நடுவில் ஸ்ரீ, அடுத்து நான்கு இலக்கங்கள். சட்டப் புத்தகத்தில் இருந்த மொழிக்கொள்கையை அதுவரை பலர் கண்ணால் கண்டதில்லை. இப்போது அது ஒவ்வொரு புதுக் காரின் முன்னாலும் பின்னாலும் ஏறிக்கொண்டு ஊருக்குள் வந்தது. தமிழரசுக் கட்சி இதை எதிர்த்து இயக்கம் நடத்தியது. அதன் தொண்டர்கள் சிங்கள எழுத்தின்மேல் தார் பூசி, அந்த இடத்தில் தமிழ் எழுத்தை எழுதினார்கள். சிறீ எதிர்ப்புப் போராட்டம் என்று பெயர் பெற்றது இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிங்கள ஸ்ரீயை அழித்துவிட்டு எழுதப்பட்ட தமிழ் ஸ்ரீயும் கிரந்த வழி வந்த எழுத்தே. தனித்தமிழ் அன்பர்கள் தங்கள் ஏட்டில் திரு என்றோ சிறீ என்றோ எழுதி அதைத் தள்ளிவைத்தவர்கள். வீதியில் நின்றவர்களுக்கு இந்த இலக்கண நுணுக்கம் பெரிதாகப் படவில்லை. ஒலி ஒன்றாயினும் வடிவம் யாருடையது என்பதே அங்கே கேள்வியாக இருந்தது.

பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் 1957 ஜூலை 26 இல் கையெழுத்திட்ட பண்டா–செல்வா ஒப்பந்தத்தால் கொதிப்பு சற்றுத் தணிந்தது. ஆனால் 1958 தொடக்கத்தில் தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. சில வாரங்களில், மார்ச்சில், அச்சபையின் புதிய பஸ்கள் சிங்கள ஸ்ரீயோடு வடக்கே அனுப்பப்பட்டன. தார்ச்சட்டிகள் மீண்டும் வெளியே வந்தன. தெற்கில் இதற்கு எதிர்வினையாகக் கொழும்பிலும் வேறு ஊர்களிலும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மேல் தார் பூசப்பட்டது. ஏப்ரல் 9 ஆம் திகதி, பிக்குகள் பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்து போராடியதைத் தொடர்ந்து, ஒப்பந்தம் கைவிடப்பட்டது.

கிழக்கில் இந்தப் போராட்டத்துக்கு மட்டக்களப்பு ஒரு களம். 1956 இல் மட்டக்களப்பிலிருந்து பாராளுமன்றம் சென்றிருந்த செ. இராசதுரை கட்சியின் பெயர்பெற்ற மேடைப் பேச்சாளர். தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகம் ஸ்ரீ எழுத்தை அழித்த குற்றத்துக்காக 1958 இல் தண்டிக்கப்பட்டு, மட்டக்களப்புச் சிறையில் ஒரு வாரம் இருந்தார். வழக்கறிஞராக நீதிமன்றங்களில் நின்ற மனிதர் ஒரு வாகனத் தகட்டில் உள்ள ஒற்றை எழுத்துக்காகக் கைதியாக நின்றார் என்பது, அந்த எழுத்து அன்று எவ்வளவு கனத்தது என்பதைக் காட்டும்.

மே மாதத்தில் நிலைமை கைமீறியது. தமிழரசுக் கட்சியின் வவுனியா மாநாட்டுக்குப் போகும் தமிழரைத் தேடிப் பொலன்னறுவை நிலையத்தில் கும்பல்கள் ரயிலைத் தாக்கின. மட்டக்களப்பிலிருந்து புறப்பட்ட இரவு ரயில் 23 ஆம் திகதி ஏறாவூருக்கு அருகே தடம்புரளச் செய்யப்பட்டு உயிர்கள் போயின. 27 ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகாலச் சட்டம் பிரகடனமானது. வன்செயலுக்குத் தகட்டெழுத்து மட்டுமே காரணம் என்று சொல்வது பிழை. காணி, குடியேற்றம், வேலை, மொழி என்று அடியில் பல இருந்தன. ஆயினும் அவற்றுள் எதுவும் இந்த எழுத்தைப்போல வீடுவீடாகப் போய்த் தன்னைக் காட்டவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த எழுத்து மட்டும் போகவில்லை. பல்லாண்டுகள் ஸ்ரீ தொடர்ந்தது. பிறகு அது எடுக்கப்பட்டு, இலக்கங்களுக்கு நடுவே வெறும் கோடு வந்தது. ஒரு வாகனத்துக்குக் கொடுத்த இலக்கம் கைமாறினாலும் அதனோடே இருப்பது இலங்கை வழக்கம். அதனால் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களிலும் சில லொறிகளிலும் ஸ்ரீ இன்னும் ஓடுகிறது. விற்பனை விளம்பரங்களில் அது வண்டியின் வயதைச் சொல்லும் சொல்லாகிவிட்டது.

யுத்தகாலத்தில் தகட்டைப் படிப்பவன் சோதனைச்சாவடிச் சிப்பாய் ஆனான். பாலம் போன்ற ஒடுங்கிய இடம் காவலுக்கு வாய்ப்பானது. 1990க்குப் பின் மட்டக்களப்பில் வாழ்ந்தவருக்குப் பாலமும் சோதனைச்சாவடியும் வேறுவேறல்ல. ஆளடையாள அட்டை, வாகனப் பதிவுப் புத்தகம், தகடு ஆகிய மூன்றும் ஒத்துப்போகவேண்டும். படையினரின் வாகனங்களோ வேறு எழுத்தில் வந்தன: இராணுவத்துக்கு யு–ஹ, கடற்படைக்கு நா–ஹ, விமானப்படைக்கு கு–ஹ என்ற சிங்கள எழுத்துச் சோடிகள். சிங்களம் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளும் அந்த மூன்றையும் தூரத்திலேயே பிரித்தறிந்தார்கள். அது பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்தறிவல்ல.

தகடு இருந்த வண்டியைவிட இல்லாத வண்டிக்கே மக்கள் அதிகம் அஞ்சினார்கள். வெள்ளை வான் என்ற சொல் இலங்கையில் ஒரு வாகன வகையைக் குறிப்பதை விட்டு ஆட்கடத்தலைக் குறிக்கத் தொடங்கியது. இலக்கம் இல்லாத வான்களில் வந்தவர்கள் பிடித்துச்சென்றதாக உறவினர்கள் சொன்ன சாட்சியங்கள் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. முறைப்பாடு எழுதும் இடத்தில் கேட்கப்படும் கேள்வி வாகன இலக்கம் என்ன என்பது. அதற்குப் பதில் இல்லாதபடி வந்ததுதான் அந்த வாகனத்தின் வடிவமைப்பே. தகடு எதற்காக உண்டாக்கப்பட்டது என்பதை அது இல்லாத வண்டி எல்லாவற்றையும்விடத் தெளிவாக விளக்கிற்று.

2000 ஆம் ஆண்டில் தகட்டின் தோற்றமே மாறியது. ஆங்கில எழுத்துகள் திரும்பி வந்தன. முன்பெல்லாம் தகட்டைச் செய்விப்பது சொந்தக்காரர் பாடு. எழுத்தின் பருமனும் வடிவும் எழுதுபவரின் கைக்கேற்ப இருந்தன. இப்போது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமே எழுத்து புடைத்து நிற்கும் தகட்டை வழங்கியது. முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள், எழுத்து கறுப்பு. ஓரத்தில் மாகாணத்தின் இரண்டெழுத்து: மேற்குக்கு டபிள்யூ.பி., வடக்குக்கு என்.பி., கிழக்குக்கு ஈ.பி. வண்டி எந்தப் பக்கத்தது என்பது இனிக் கேட்காமலே தெரிந்தது. முதல் எழுத்தில் வகையும் தெரியும். மூன்றெழுத்து வரிசை வந்தபின் ஏ என்றால் முச்சக்கரவண்டி, பி என்றால் மோட்டார் சைக்கிள், சி என்றால் கார். கொழும்பில் வாங்கிய வாகனத்தை மட்டக்களப்பில் பதியும்போது மாகாண எழுத்துக்காகத் தகட்டையே மாற்றும் தொல்லை 2023 வரை நீடித்தது. அவ்வாண்டு முதல் மாகாண எழுத்து தேவையில்லை என்றாயிற்று.

2013 மார்ச்சில் பழைய பாலத்தின் அருகே ஜப்பானிய உதவியோடு கட்டிய புதிய பாலம் திறக்கப்பட்டது. காத்திருப்பு ஒழிந்தது, அதனோடு, முன்னால் நிற்கும் வண்டியின் இலக்கத்தை மனப்பாடம் செய்யும் நேரமும் ஒழிந்தது. வாகனங்கள் வேகமாகக் கடந்தன. மனிதக் கண் கைவிட்ட வேலை இயந்திரத்துக்குப் போகும் காலம் அது.

தகட்டைத் தானே படிக்கும் கமரா 1976 இல் பிரித்தானியப் பொலிஸின் ஆய்வுப் பிரிவில் உருவானது. 1990களில் ஐரிஷ் குடியரசுப் படையின் குண்டுவெடிப்புகளுக்குப் பின் இலண்டன் நகர்ப்பகுதியின் நுழைவாயில்களில் அது நிறுத்தப்பட்டது. இலங்கையில் பொலிஸின் கமரா வலை கொழும்பிலேயே முதலில் விரிந்தது. மற்ற ஊர்களில் நகைக்கடை, வங்கி, எரிபொருள் நிலையம் ஆகிய இடங்களில் கமரா தொங்கியது. வீட்டு மதிலுக்கு அது வந்ததற்கு விலை இறங்கியது ஒரு காரணம். 2019 ஏப்ரல் 21 மற்றொரு காரணம். அன்று உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துக் குழந்தைகள் பலர் உட்பட மக்கள் இறந்தனர். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் அதே காலையில் தாக்குதல் நடந்தது. தாக்குதல்காரர் நடந்துவரும் கமராக் காட்சிகள் அடுத்த நாள்களில் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் ஓயாமல் ஓடின. எந்தக் கடையின், எந்த வீட்டின் கமரா எதைக் கண்டது என்ற பேச்சு வீதியெங்கும் இருந்தது.

2022 இல் தகட்டுக்கு எதிர்பாராத வேலை ஒன்று கிடைத்தது. அந்நியச் செலாவணி தீர்ந்து எரிபொருள் வராமல்போன மாதங்களில், இலக்கத்தின் கடைசி எண்ணே எண்ணெய் அடிக்கும் நாளைத் தீர்மானித்தது. பூச்சியம், ஒன்று, இரண்டில் முடிந்தால் செவ்வாயும் சனியும். மூன்று, நான்கு, ஐந்துக்கு வியாழனும் ஞாயிறும். ஆறு முதல் ஒன்பதுவரை திங்கள், புதன், வெள்ளி. பிறகு இலக்கத்தோடு இணைந்த கியூ.ஆர். அட்டை வந்தது, 2023 செப்டெம்பரில் அது நிறுத்தப்பட்டது. தன் வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைத் தூக்கத்திலும் சொல்லக்கூடியவர்களாக மக்கள் ஆனது அந்த ஓராண்டில்.

இன்று கல்லடியில் புதிய, பழைய கல்முனை வீதிகளிலும், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளிலும், உப்போடை, டச்பார், நாவலடிப் பக்கங்களிலும் கேற்றுத் தூண்களில் கமரா சாதாரணம். மோட்டார் சைக்கிள் களவு, தாலிக்கொடி அறுப்பு, இரவில் மோதிவிட்டு நிற்காமல் போகும் வாகனம் என்று காரணங்கள் தெரிந்தவையே. ஆனால் பலருக்கும் அனுபவப்படும் உண்மை, தேவைப்படும் நாளில் படத்தில் ஆள் தெரிகிறான், வண்டி தெரிகிறது, இலக்கம் மட்டும் தெரியவில்லை என்பது.

காரணம் கணக்கில் இருக்கிறது. வழக்கமாக விற்கப்படும் வீட்டுக் கமராவின் வில்லை முற்றம் முழுவதையும் அள்ளிக் காட்டுவதற்கானது. 1920 புள்ளி அகலமான படத்தில் 12 மீற்றர் அகலக் காட்சி அடங்கினால், ஒரு மீற்றருக்கு 160 புள்ளி. ஏறத்தாழ அரை மீற்றர் அகலமுள்ள காரின் தகட்டுக்கு 80 புள்ளி. எழுத்தொன்றுக்குப் பத்துகூடத் தேறாது. காட்சியை 4 மீற்றருக்குச் சுருக்கும் நீண்ட வில்லையைப் போட்டால் அதே தகடு 240 புள்ளியில் விரிந்து, எழுத்து தெளிகிறது. மோட்டார் சைக்கிளின் சிறிய தகட்டுக்கு இன்னும் சுருக்கவேண்டும். ஆகவே முற்றத்துக்கு ஒரு கமரா, தகட்டுக்கென்றே மற்றொன்று என்பதே நடைமுறை. ஒன்றையே இரண்டுக்கும் வைப்பவர் இரண்டையும் இழக்கிறார்.

அடுத்தது வேகம். மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் முச்சக்கரவண்டி ஒரு விநாடியில் 11 மீற்றர் நகரும். கமராவின் திரை விநாடியின் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் வண்டி 37 சென்ரிமீற்றர் போய்விடும்; எழுத்து இழுபட்டுக் கோடாகும். ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைத்தால் நகர்வு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். ஆனால் அவ்வளவு குறுகிய நேரத்தில் இரவின் வெளிச்சம் போதாது. இங்கேதான் 2000க்குப் பிந்திய தகடு உதவுகிறது. அதன் பரப்பு ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். கமராவின் பக்கத்தில் அகச்சிவப்பு விளக்கு இருந்தால் சுற்றுப்புறம் இருண்டு, முன்விளக்கின் கூச்சமும் அடங்கி, தகடு மட்டும் பளிச்சென்று நிற்கும். வெள்ளையும் மஞ்சளும் அந்த ஒளியில் ஒரே வெண்மை.

கோணமும் முக்கியம். வீதிக்குக் குறுக்காகப் பார்க்கும் கமராவுக்குத் தகடு சரிந்து எழுத்துகள் நெருங்கிவிடும். வாகனம் போகும் திசைக்கு 30 பாகைக்குள் நிற்பது நல்லது. கூரை முகட்டில் மாட்டுவதைவிட மதில் தூணில் மாட்டுவது மேல். எழுவான்கரை என்ற பெயருக்கேற்பக் கல்லடியில் கடல் பக்கம் நோக்கும் கமராவின் கண்ணில் காலைச் சூரியன் நேரே விழும். அதனால் ஒழுங்கையில் மேற்கு நோக்கிப் பார்த்து, வாவிப் பக்கம் போகும் வண்டியின் பின் தகட்டைப் பிடிக்கும்படி வைப்பது வசதி. உப்புக்காற்று ஆணியையும் இணைப்பையும் அரிக்கும். அகச்சிவப்பு விளக்கை நாடிப் பூச்சிகள் வர, பூச்சிகளை நாடிச் சிலந்தி வரும். வலை பின்னிய வில்லையில் இரவு முழுக்க வெள்ளை மூட்டம்தான். மார்கழி மாரியில் சேறு படிந்த தகட்டுக்கு எந்தக் கமராவிலும் மருந்தில்லை.

தகட்டைப் பிடித்த படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் ஆங்கில எழுத்துக்கும் இலக்கத்துக்கும் பழக்கப்பட்டது. பழைய மொறிஸ் மைனர் ஒன்று கடந்தால் அது முன்னிலக்கத்தையும் பின்னிலக்கத்தையும் படித்து, நடுவில் நிற்கும் ஸ்ரீயைத் தவறவிடும் அல்லது வேறேதோ எழுத்தாகக் காட்டும். படை வாகனங்களின் யு–ஹவுக்கும் அதே கதி. செல்வநாயகத்தைச் சிறைக்கு அனுப்பிய எழுத்து இயந்திரத்துக்கு ஒரு கறையாகத்தான் தெரிகிறது.

பிடித்த இலக்கத்தை வைத்து வீட்டுக்காரர் என்ன செய்யலாம் என்பது வேறு விடயம். இலக்கத்துக்குரிய ஆள் யார் என்ற பதிவு திணைக்களத்திடம் இருக்கிறது; படம் பொலிஸுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அது பெயராக மாறும். அங்கேயும் தடங்கல் உண்டு. பெயர் மாற்றாமல் கைமாறிய வாகனங்கள் நாட்டில் மிகுதி. 2024 ஜனவரி 22 முதல் கொழும்பில் கமராவில் பதியும் வீதிக் குற்றங்களுக்குப் பொலிஸார் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியபோது, கடிதம் பதிவுச் சொந்தக்காரருக்கே போனது. வாகனத்தை எப்போதோ விற்றவர் கையில் அது கிடைத்தால் அவர்தான் விளக்கம் சொல்லவேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் வீட்டுத் தேவைக்கு மட்டும் கையாளும் தரவை விலக்கி வைத்திருக்கிறது. அயலவரின் போக்குவரத்தை நாள்தோறும் பதிந்து வைத்துப் பலருக்கு அனுப்புவதை வீட்டுத் தேவை என்று சொல்வது கடினம்.

2025 இல் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டதும் புதிய வாகனங்கள் பெருமளவில் பதிவாகின. அதே ஆண்டில் தகடு விநியோகம் தடைப்பட்டது. கொள்வனவுச் சிக்கல் தீரும்வரை, ஒதுக்கப்பட்ட இலக்கத்தை அச்சிட்ட தற்காலிகத் தகட்டோடு ஓட அனுமதி கிடைத்தது. அவை கடையில் அச்சிட்டு ஒட்டியவை. எழுத்தின் பருமன் ஆளுக்கு ஆள் வேறு, ஒளியைத் திருப்பியனுப்பும் பரப்பும் பலவற்றில் இல்லை. பகலில் மனிதர் படித்துவிடலாம். இரவில் அகச்சிவப்பு ஒளியை மட்டும் நம்பியிருக்கும் கமராவில், அப்படிப்பட்ட மோட்டார் சைக்கிள் கல்லடி ஒழுங்கையைக் கடக்கும்போது பின்விளக்கின் புள்ளி ஒன்றும் அதன்கீழ் இருட்டும் பதிவாகின்றன.